வராத பாக்கிக்கு அரசு மன்றம்: எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சமாதான் சேவை எவ்வளவு தூரம் உதவும்?

பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "சரக்கு வந்து 90 நாளில் பேமெண்ட்" என்று அச்சிட்டிருப்பார்கள். கோவையில் வார்ப்படம் ஊற்றுகிறவர், திருப்பூரில் ஜாப் ஒர்க்கில் பிரிண்டிங் போடுகிறவர், ஓசூரில் பெரிய கம்பெனிக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிறவர் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டரை எடுக்கிறார்கள். 90 நாள் 120 ஆகும். அக்கவுண்ட்ஸில் கேட்டால் "அடுத்த வாரம் போடுகிறோம்" என்பார்கள். இதற்கிடையில் பட்டறைக்காரர் வங்கியில் சி.சி. (நடப்பு மூலதனக் கடன்) கணக்குக்கு வட்டி கட்டிக்கொண்டிருப்பார். சிறிய பட்டறை பெரிய கம்பெனிக்கு வட்டியில்லாமல் கடன் கொடுக்கிறது என்பதுதான் இதன் பொருள்.

அந்த 90 நாள் வாசகம் சட்டப்படி செல்லாது. குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15ஆம் பிரிவின்படி, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதம் தோறும் கூட்டு வட்டியாக ஏறும். பணம் வரவில்லை என்றால் 18ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு அமைத்த வசதியாக்க மன்றத்துக்கு (இத்தகைய பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் குழு) போகலாம். அங்கே மனு போட மத்திய அமைச்சகம் 2017 அக்டோபர் 30 அன்று திறந்த இணையதளம்தான் சமாதான். தமிழ்நாட்டில் சென்னையோடு கோவை, திருச்சி, மதுரையிலும் மண்டல மன்றங்கள் இருக்கின்றன. இந்த விமர்சனம் இணையதளம், மன்றம் இரண்டையும் ஒரே சேவையாக எடுத்துக்கொண்டு பார்க்கிறது. மனு போடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

முதலிலேயே எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சட்டம் அருமையானது, சிறு தொழிலுக்கு இவ்வளவு பலம் தரும் சட்டங்கள் குறைவு. அதைச் செயல்படுத்தும் அமைப்போ, ஒரு நீதிமன்றத்தின் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்தின் ஆட்களும் நேரமும் இல்லாமல் இயங்குகிறது. அதனால் இந்தச் சேவையில் கிடைக்கும் பலன், மன்றம் என்ன செய்கிறது என்பதைவிட மனுதாரர் என்ன காகிதத்தோடு போகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

யாருக்குக் கதவு திறக்கும்

சட்டத்தில் 'சப்ளையர்' என்ற சொல் குறு, சிறு நிறுவனங்களை மட்டுமே குறிக்கும். நடுத்தர நிறுவனத்துக்கு இந்த வழி இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்திருக்கின்றன. குறு என்றால் முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி வரை. சிறு என்றால் முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. முன்பு நடுத்தரமாக இருந்த பல நிறுவனங்கள் இதனால் உள்ளே வந்துவிட்டன. ஆனால் எந்த ஆண்டு சரக்கு கொடுத்தீர்களோ அந்த ஆண்டில் நீங்கள் எந்த வகையில் இருந்தீர்கள் என்பதுதான் கேள்வியாக வரும். உத்யம் (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) சான்றிதழில் ஆண்டுவாரியாக வகை காட்டப்படும். அதை ஒவ்வொரு ஆண்டும் பிரிண்ட் எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது பதிவுத் தேதி. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பணம் நின்ற பிறகு ஓடிப்போய் உத்யம் எடுத்துவிட்டு மனு போடுவார்கள். சப்ளைக்கும் ஒப்பந்தத்துக்கும் பிறகு பதிவு செய்தவருக்கு அந்தப் பழைய பரிவர்த்தனைக்கு இந்தச் சட்டத்தின் பலன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் சில்பி இண்டஸ்ட்ரீஸ் வழக்கிலும், 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் சொன்னது. 2025 ஜனவரியில் என்.பி.சி.சி. வழக்கை விசாரித்த அமர்வு வேறு பார்வை எடுத்து, மன்றத்தை அணுகப் பதிவு முன்நிபந்தனை இல்லை என்று கருதியது. ஆனால் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. அதை நம்பிப் பதிவைத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் இருந்தால் போதும். 2020 ஜூலைக்கு முன், உத்யமுக்கு முந்தைய பதிவான உத்யோக் ஆதார் எண் வைத்திருந்தவர்கள் அந்தப் பழைய சான்றிதழைக் கண்டிப்பாகப் பத்திரப்படுத்த வேண்டும். பழைய பாக்கிக்கு அதுதான் தேதியை நிரூபிக்கும்.

வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2021 ஜூலையில் சில்லறை, மொத்த வியாபாரத்தையும் உத்யமில் சேர்த்தார்கள். ஆனால் முன்னுரிமைக் கடன் பெறுவதற்கு மட்டும்தான் என்று அந்த உத்தரவே சொல்கிறது. தாமதப் பணத்துக்கான பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை. கையில் உத்யம் சான்றிதழ் இருப்பதால் மனு நிற்கும் என்று நினைத்துப் போடுகிறவர்களின் மனு இந்தக் காரணத்தால் விழும். கட்டட ஒப்பந்தம் மாதிரி பொருளும் வேலையும் கலந்த ஒப்பந்தங்களிலும் சில உயர் நீதிமன்றங்கள் மறுத்திருக்கின்றன. அப்படிப்பட்ட பாக்கியோடு வருகிறவர் வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

வாங்குகிறவர் யாராகவும் இருக்கலாம். தனியார் கம்பெனி, பொதுத்துறை, மாநகராட்சி, அரசு வாரியம் எல்லாம் அடங்கும். அவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும், சப்ளையர் இருக்கும் இடத்து மன்றத்துக்கே அதிகாரம். 18(4) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. புனேயிலோ குருகிராமிலோ இருக்கும் கம்பெனி கோவைக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். ஆர்டரில் "எல்லா வழக்கும் டெல்லி நீதிமன்றத்தில்" என்று எழுதியிருந்தாலும் 24ஆம் பிரிவின்படி இந்தச் சட்டமே மேலோங்கும். எங்களைக் கேட்டால், இந்தச் சேவையின் மிகப் பெரிய சொத்து இந்த ஒரு பிரிவுதான். நாலு லட்சம் ரூபாய் பாக்கிக்காக டெல்லியில் வக்கீல் வைத்து வழக்கு நடத்த எந்தப் பட்டறைக்காரராலும் முடியாது.

மனுவுக்கு முன் சேர்க்க வேண்டியவை

மனு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் 'ஏற்பு நாள்' என்ற ஒரு விஷயத்தில்தான். சரக்கு இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லவில்லை என்றால், சரக்கு இறங்கிய அந்த நாளே ஏற்பு நாளாகிவிடும். 45 நாள் அங்கிருந்து ஓடத் தொடங்கும். ஆகவே சரக்கு இறங்கியதற்கான சான்று கையில் இருக்க வேண்டும். சீல் வைத்த டெலிவரி சலான், ஜி.ஆர்.என். (சரக்கு வந்ததாக வாங்குகிறவர் தரும் சீட்டு), ஈ-வே பில், லாரி ரசீது இவற்றில் எது கிடைத்தாலும் சரி. டிரைவர் சலானைத் தொலைத்துவிட்டார், வாட்சப்பில் "ரிசீவ்டு" என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது என்கிற நிலையில் மனு பலவீனமாகும். வாட்சப் செய்தியும் ஆதாரம்தான், ஆனால் அனுப்பியவர் கம்பெனியின் ஆள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் விழும்.

சலான் இல்லாதவர்களுக்கு வேறு இரண்டு வழி உண்டு. ஒன்று 26ஏ.எஸ். படிவம், அதாவது உங்கள் பெயரில் பிடித்த வரிகளைக் காட்டும் வருமான வரி அறிக்கை. ஜாப் ஒர்க் பில்லுக்கு வாங்குகிறவர் டி.டி.எஸ். பிடித்துக் கட்டியிருந்தால் அது உங்கள் பானில் தெரியும். பெரிய கொள்முதல்களுக்கு வருமான வரிச் சட்டத்தின் 194க்யூ பிரிவில் பிடித்த 0.1 சதவீதமும் அப்படியே. பில்லைத் தன் கணக்கில் ஏற்றாமல் யாரும் வரி பிடிக்க மாட்டார்கள். மற்றொன்று ஜிஎஸ்டி. உங்கள் பில்லில் உள்ள வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொண்டிருந்தால் (உள்ளீட்டு வரி), சரக்கே வரவில்லை என்று பிறகு சொல்வது அவருக்கு ஆபத்து. இன்னொன்றும் உண்டு: பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காதவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. மனு போடும் முன் அனுப்பும் கடிதத்தில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே சில இடங்களில் அக்கவுண்ட்ஸ் மேலாளர் போனை எடுப்பார்.

வாங்குகிறவர் கம்பெனியாக இருந்தால் கம்பெனிகள் விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அவருடைய ஆண்டறிக்கையை எடுத்துப் பாருங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எவ்வளவு பாக்கி, அதற்கு எவ்வளவு வட்டி என்று 22ஆம் பிரிவின்படி அதில் காட்ட வேண்டும். 45 நாளைத் தாண்டிய பாக்கிகளை ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் எம்.எஸ்.எம்.இ. படிவம் 1இல் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2019 ஜனவரி உத்தரவும் இருக்கிறது. உங்களுக்கு 12 லட்சம் பாக்கி வைத்துக்கொண்டு அறிக்கையில் "இல்லை" என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மனுவோடு இணையுங்கள். அந்த அறிக்கையில் கையெழுத்திட்ட இயக்குநருக்கு அது சங்கடமான காகிதம். ஆனால் இதற்கு அவருக்கு உங்கள் உத்யம் எண் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் "குறு நிறுவனம்" அல்லது "சிறு நிறுவனம்" என்பதையும் அச்சிடுவது அதற்காகத்தான். "இவர் சிறு நிறுவனம் என்று எங்களுக்குத் தெரியாது" என்ற பதில் அப்போது எடுபடாது.

கணக்கைத் தாளில் போடும்போது மொத்தமாக "பாக்கி 12,40,000" என்று எழுதினால் போதாது. பில் எண், பில் தேதி, தொகை, சரக்கு சேர்ந்த தேதி, கெடு தேதி, வந்த பணம், மீதி, வட்டி என்று பில்வாரியாக ஒரு பட்டியல் வேண்டும். வாங்குகிறவர் எந்தப் பில்லுக்கு என்று சொல்லாமல் அவ்வப்போது ரவுண்டாக ஒரு லட்சம், இரண்டு லட்சம் போட்டிருப்பார். அதைப் பழைய பில்லிலிருந்து வரிசையாகக் கழித்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பான் எண்களில் தொழில் நடத்துகிறவர்கள் பில் போட்ட நிறுவனத்தின் உத்யம் எண்ணையே கொடுக்க வேண்டும். அண்ணன் பெயரில் உள்ள உத்யத்தைக் காட்டித் தம்பி நிறுவனத்தின் பில்லுக்கு மனு போட்டால் ஆரம்பத்திலேயே தள்ளுபடிதான்.

வட்டிக் கணக்கு எப்படி என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. 2023 பிப்ரவரி முதல் 2025 பிப்ரவரி வரை வங்கி விகிதம் 6.75 சதவீதம். மூன்று மடங்கு 20.25. மாதத்துக்கு 1.6875 சதவீதம். 10 லட்சம் ரூபாய் பாக்கி ஓராண்டில் 12,22,000 ரூபாயைத் தாண்டும், இரண்டாண்டில் 14,94,000 ஆகும். அதன்பின் விகிதம் படிப்படியாகக் குறைந்து 2025 ஜூனில் 5.75க்கு வந்தது, அப்போதைய வட்டி 17.25. விகிதம் மாறிய தேதிகளைப் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். ஒரே விகிதத்தில் முழுக் காலத்துக்கும் போட்டுவிட்டு எதிர்த்தரப்பு ஆடிட்டரிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது. கட்டிய இந்த வட்டியை வாங்குகிறவர் தன் வருமான வரியில் செலவாகக் கழிக்கவும் முடியாது, 23ஆம் பிரிவு தடுக்கிறது.

தளத்தில் மனு

சமாதான் தளத்தில் உத்யம் எண்ணையும் ஓ.டி.பி.யையும் வைத்து உள்ளே போய், வாங்குகிறவரின் பெயர், முகவரி, மின்னஞ்சல், ஆர்டர் எண், பில் விவரம் நிரப்பி, ஆர்டரையும் பில்லையும் ஏற்ற வேண்டும். பாக்கித் தொகையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கிடையாது. தமிழ்நாட்டில் சிவில் வழக்குக்கு 3 சதவீத நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதோடு ஒப்பிட்டால் இது பெரிய சலுகை. 2025 ஜூன் மாதம் அமைச்சகம் இணையவழித் தகராறு தீர்வுக்கென்று ஓ.டி.ஆர். தளத்தைத் தொடங்கியிருக்கிறது. மன்றத்துக்கு வரும் முன்பே இரு தரப்பும் இணையத்தில் பேசித் தீர்க்கும் கட்டத்தை அது சேர்க்கிறது. தளம் மாறினாலும் ஏற்ற வேண்டிய காகிதங்களும் மன்றத்தின் அதிகாரமும் அவையேதான்.

படிவத்தில் ஒரு இடத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். வாங்குகிறவரின் மின்னஞ்சல். தினமும் பேசும் பர்ச்சேஸ் ஆளின் ஜிமெயிலைப் போட்டுவிடுவார்கள். அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அறிவிப்பு எங்கோ கிடக்கும். கடைசியில் தீர்ப்பு வந்த பிறகு "எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை" என்று கம்பெனி நீதிமன்றம் போய் முழுத் தீர்ப்பையும் ரத்து செய்ய வாய்ப்பு உண்டு. கம்பெனிப் பதிவு விவரத்தில் உள்ள அதிகாரபூர்வ மின்னஞ்சலையும் பதிவு அலுவலக முகவரியையும் போடுங்கள். பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பி அத்தாட்சி அட்டையை வைத்திருங்கள்.

மனு பதிவானதும் வாங்குகிறவருக்குத் தகவல் போகும். இந்தக் கட்டத்திலேயே பணம் வந்துவிடும் வழக்குகள் உண்டு, தளத்தில் 'இருதரப்பும் தீர்த்துக்கொண்டவை' என்று தனியே ஒரு தலைப்பே இருக்கிறது. பெரும்பாலும் அசல் வரும், வட்டியை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். விடுவதா வேண்டாமா என்பது உங்கள் கணக்கு. ஆனால் அசல் வங்கியில் ஏறும் முன் மனுவை வாபஸ் வாங்காதீர்கள். "வாபஸ் வாங்குங்கள், நாளைக்கு ஆர்.டி.ஜி.எஸ்." என்பது மிகப் பழைய உத்தி. சமரசத்தை எழுத்தில், தவணைத் தேதிகளோடு, மன்றத்தின் முன் பதிவு செய்தால் அது தீர்ப்புக்குச் சமமான பலம் பெறும்.

மன்றத்தின் உள்ளே

இனி வருவதுதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி. சட்டப்படி மன்றம் முதலில் சமரசம் செய்து பார்க்க வேண்டும். அது தோற்றால், தானே நடுவராக இருந்து விசாரிக்கலாம் அல்லது வேறு நடுவர் மையத்துக்கு அனுப்பலாம். எல்லாம் 90 நாளில் முடிய வேண்டும் என்று 18(5) சொல்கிறது. நடப்பில் இந்தக் கெடு காப்பாற்றப்படுவது அரிது. காரணம் உறுப்பினர்களின் அக்கறையின்மை அல்ல. 21ஆம் பிரிவின்படி மன்றத்தில் மூன்று முதல் ஐந்து பேர். தொழில்துறை இயக்குநர் நிலையிலுள்ள அதிகாரி தலைவர். மற்றவர்கள் தொழில் சங்கம், வங்கி, துறை வல்லுநர்களிலிருந்து வருகிறவர்கள். தலைவருக்கு முழு நேர வேலை வேறு இருக்கிறது. மற்றவர்களும் தங்கள் வேலைக்கிடையே வருகிறார்கள். சட்டம் படித்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு அமர்வு நாளில் வரிசையாக வழக்குகள் நிற்கும்போது ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் கிடைக்கும்.

இந்த அவசரத்தின் விலையைச் சப்ளையர்தான் கொடுக்கிறார். சமரசம் தோற்றதும், நடுவர் விசாரணை என்று தனியாக ஒரு கட்டத்தைத் தொடங்காமல் நேரடியாக "பணம் கட்டு" என்று உத்தரவு போட்டுவிடும் வழக்கம் பல மாநில மன்றங்களில் இருந்திருக்கிறது. ஜார்கண்ட் ஊர்ஜா விகாஸ் நிகம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் அப்படிப்பட்ட உத்தரவு செல்லவே செல்லாது என்றது. காத்திருந்து பெற்ற தீர்ப்பு ஒரே வரியில் போய்விடும். ஆகவே மனுதாரர் மன்றத்தைவிடக் கவனமாக இருக்க வேண்டும். சமரசம் முறிந்தது என்று குறிப்பில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். நடுவர் விசாரணை தொடங்கியது என்று தனியே பதிவாகட்டும். அதன்பின் முறையான கோரிக்கை அறிக்கை தாக்கல் செய்யுங்கள், எதிர்த்தரப்பின் பதிலுக்கு மறுப்பும் கொடுங்கள். ஒவ்வொரு அமர்வின் நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் வாங்கி வையுங்கள்.

எதிர்த்தரப்பின் வழக்கமான ஆயுதம் டெபிட் நோட், அதாவது பில் தொகையில் இவ்வளவைக் கழித்துக்கொள்கிறோம் என்ற சீட்டு. சரக்கு போய் நாலு மாதம் கழித்து "துணியில் ஷேடு வித்தியாசம்", "வார்ப்படத்தில் ஊதுகுழி" என்று பில் தொகைக்குச் சமமாக ஒன்றை அனுப்புவார்கள். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாததால் ஏற்பு நாள் மாறாது என்பது உங்கள் வாதம். ஆனால் எதிர்க்கோரிக்கை வைக்கும் உரிமை வாங்குகிறவருக்கு உண்டு என்று சில்பி தீர்ப்பே சொல்கிறது. ஆகவே டெபிட் நோட் வந்த அன்றே "இதை ஏற்கவில்லை" என்று மின்னஞ்சலில் பதில் போட வேண்டும், குறையுள்ளது என்கிற சரக்கைத் திருப்பி அனுப்பச் சொல்ல வேண்டும். பேசாமல் லெட்ஜரில் ஏற்றிக்கொண்டு மாத ஜிஎஸ்டியிலும் கழித்துக் காட்டியவர் அப்புறம் மன்றத்தில் வாதாடிப் பயனில்லை.

தீர்ப்பு வந்த பின்னர் சட்டத்தின் பலம் மறுபடி தெரியும். அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற வாங்குபவர் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். இது 19ஆம் பிரிவு. குட்இயர் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தொகை கட்டாயம் என்று உறுதிசெய்தது. கட்டிய தொகையில் ஒரு பகுதியை வழக்கு முடியும் முன்பே சப்ளையருக்குக் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்த மனுவைத் தனியாகப் போட வேண்டும், தானாக வராது. 75 சதவீதம் கட்டாமல் தப்பிக்கக் கம்பெனிகள் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும். அது கூடாது என்று இந்தியா கிளைக்கால்ஸ் வழக்கில் 2023இல் சொல்லப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் தொடர்பான வழக்கில், எந்தச் சூழலில் ரிட் போகலாம், சமரசம் செய்த மன்றமே நடுவராகவும் இருக்கலாமா என்ற கேள்விகள் பெரிய அமர்வுக்குப் போயின. 2006இல் வந்த சட்டத்தின் அடிப்படைக் கேள்விகள் 2025லும் திறந்தே கிடப்பது வருத்தமான விஷயம். ஒவ்வொரு திறந்த கேள்வியும் வாங்குபவரின் வக்கீலுக்கு ஓராண்டு அவகாசம்.

யாரும் எதிர்க்கவில்லை, பணமும் தரவில்லை என்றால் தீர்ப்பை நீதிமன்ற டிக்ரியாக நிறைவேற்றலாம். வாங்குபவரின் சொத்து எங்கிருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில் நேரடியாக மனு போடலாம் என்று 2018இல் சுந்தரம் ஃபைனான்ஸ் வழக்கில் வழி பிறந்தது. வங்கிக் கணக்கை முடக்கக் கேட்பது வேகமான முறை. அதற்குக் கணக்கு எண் தெரிய வேண்டும். அவர் முன்பு அனுப்பிய நெஃப்ட், காசோலை விவரங்கள் உங்கள் வங்கி அறிக்கையில் இருக்கும், தேடி எடுத்து வையுங்கள்.

வேறு வழிகளோடு ஒப்பிட்டால்

உலக வங்கியின் தொழில் எளிமை அறிக்கையில் 2020ஆம் ஆண்டு, ஒப்பந்தத்தை நீதிமன்றம் வழியாக நிறைவேற்றுவதில் இந்தியா 190 நாடுகளில் 163ஆவது இடம். சராசரி 1,445 நாள், செலவு கோரிய தொகையில் 31 சதவீதம். அந்த அறிக்கை பிறகு நிறுத்தப்பட்டது, ஆனாலும் நீதிமன்ற வாசலில் நின்றவர்கள் யாரும் இந்த எண்ணை மிகை என்று சொல்ல மாட்டார்கள். நான்கு ஆண்டில் பணம் வரும் என்றால், பட்டறைக்காரர் தெரிந்த பார்ட்டிக்கு மட்டும்தான் கடனில் சரக்கு கொடுப்பார். புது ஊர், புது வாடிக்கையாளர், இரண்டாவது இயந்திரம் எல்லாம் தள்ளிப்போகும். தொழில் வளராமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மன்றம் ஒரு வருடத்தில் முடித்தாலும் இதோடு ஒப்பிட்டால் வேகம்தான்.

திவால் சட்டத்தின் கீழ் மிரட்டிப் பணம் வாங்கும் வழி முன்பு இருந்தது. 2020 மார்ச்சில் குறைந்தபட்சத் தொகையை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்த்திய பிறகு சிறியவர்களுக்கு அந்தக் கதவு அடைத்தது. மாறாக, வாங்குபவரே திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால் மன்றத்தில் உள்ள மனுவும் நின்றுவிடும். அப்போது அறிவிப்பைப் பார்த்து உரிய படிவத்தில் தீர்வு அலுவலரிடம் கோரிக்கை கொடுக்க வேண்டும். பாக்கி வைத்திருக்கும் கம்பெனியின் செய்திகளைக் கவனிக்காமல் மன்றத் தேதிக்கு மட்டும் காத்திருப்பவர்கள் இதில் தவறவிடுகிறார்கள். கையில் திரும்பி வந்த காசோலை இருந்தால் காசோலைகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கை இதோடு சேர்த்தே நடத்தலாம், ஆனால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும்.

புகாரே இல்லாமல் வேலை செய்வது வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) கொண்டுவந்த ஏற்பாடு. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. 45 நாள் கெடுவைத் தாண்டி, மார்ச் 31 அன்றும் நிலுவையில் இருக்கும் பாக்கியை வாங்குபவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். சாதாரண ஆண்டில் பிப்ரவரி 14 வரை ஏற்ற சரக்குக்கு மார்ச் 31க்குள் பணம் வர வேண்டும் என்று கணக்கு. அதனால் மார்ச் மாதம் பணம் கேட்கச் சரியான நேரம். ஜூன், ஜூலையில் இந்தப் பிரிவுக்குப் பல் இல்லை, அதே ஆண்டுக்குள் எப்போது கொடுத்தாலும் கழிவு கிடைத்துவிடும். வாடிக்கையாளரைப் பகைக்காமல் கேட்க முடிகிறது என்பதால் இது மன்றத்தைவிட மென்மையான கருவி. ஆனால் உத்யம் பதிவை ரத்து செய்யச் சொல்லி வற்புறுத்தும் வாங்குபவர்களும் முளைத்தார்கள். அதற்கு இணங்கினால் கையிலிருக்கும் எல்லாப் பாதுகாப்பும் போகும். இணங்க வேண்டாம்.

வாடிக்கையாளரைப் பகைக்க வேண்டியிருப்பதுதான் மன்றத்தின் மிகப் பெரிய எல்லை. நாளைக்கும் ஆர்டர் வேண்டிய இடத்தில் யாரும் மனு போடுவதில்லை. சங்கம் மூலமாகவோ மன்றமே தானாகவோ, பெயர் சொல்லாத புகாரை எடுத்து வாங்குபவரின் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரம் இல்லாதவரை, உறவு முறிந்த பாக்கிகள் மட்டுமே இங்கே வரும். மற்ற பாக்கிக்கு, வாங்குபவர் ட்ரெட்ஸ் என்ற பில் ஏலத் தளத்தில் சேர்ந்திருந்தால் பில்லை அங்கே ஏலத்தில் விட்டு உடனே பணமாக்குவது மேல். பிறகு வாங்குபவர் கொடுக்காவிட்டாலும் நிதி கொடுத்தவர் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் அதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிக்கை வந்திருக்கிறது.

காலக்கெடுவைப் பற்றி ஒன்று. மூன்றாண்டு வரம்பு மன்றத்தின் நடுவர் விசாரணைக்கும் பொருந்தும். பழைய பாக்கி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு மார்ச் முடிவிலும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (இவ்வளவு பாக்கி என்று ஒப்புக்கொள்ளும்) கடிதத்தில் வாங்குபவரின் கையெழுத்தும் சீலும் வாங்கிவிடுங்கள். கெடு முடியும் முன் கையெழுத்தான அந்தத் தேதியிலிருந்து மூன்றாண்டு புதிதாக ஓடும். கெடு ஏற்கெனவே முடிந்திருந்தாலும், அத்தகைய பாக்கியைச் சமரசத்துக்கு அனுப்பலாம், நடுவர் விசாரணைக்குத்தான் முடியாது என்று 2025 ஜூலையில் சோனாலி பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. ஐந்து வருடத்துக்கு முந்தைய பில் கையில் இருந்தால் அதை எழுதித் தள்ளும் முன் இந்த ஒரு வழியில் கேட்டுப் பார்க்கலாம்.